வாடிய வேம்பும் அத்தையின் வாய்க்காலும்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்ற வேப்பமரம் சாகக் கிடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மரத்துக்கு என்ன கேடு என்று சொல்லத் தெரியாத ஆளே அன்று நாரணாபுரத்தில் இல்லை. கண்ணேறு என்றார் கணக்கர். ஆளாளுக்குப் போர்வெல் போட்டு நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிவிட்டார்கள் என்றார் லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருஷம் மூன்றாகிறது, ஆத்தா வேறெப்படிக் கேட்பாள் என்றார்கள் வேலைக்கு வரும் அக்காமார். அப்பா மட்டும் ஒரே காரணத்தில் உறுதியாக நின்றார். அது அத்தையின் வாய்க்கால்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். காலையில் எனக்குச் சடை பின்னிவிட்டு ஸ்கூட்டரில் கம்பெனிக்குப் போனால், அப்பாவுக்குச் சமமாக அங்கே எல்லாவற்றையும் பார்ப்பாள். சமமாகச் சண்டையும் போடுவாள். வாசலில் குழாய் போட வேண்டும் என்று அவள் மல்லுக்கு நின்ற கதை ஊருக்கே தெரியும். “மருந்து உருட்டுன கையோட சோறு திங்கச் சொல்றீகளா? உங்களுக்கு ஒரு நாளைக்கு அப்படிச் சோறு போடவா?” என்று கேட்டுக் கேட்டே அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். குழாயடித் தண்ணீர் சின்ன வாய்க்கால் வழியாக மரத்தடிக்குப் போயிற்று. மருந்து கலந்த அந்தத் தண்ணீர்தான் மரத்தைக் கெடுக்கிறது என்பது அப்பாவின் கட்சி. கை கழுவிவிட்டு அந்த நிழலிலேயே உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்தப் பொட்டலில் வேறு நிழல் கிடையாது.

இப்போது மரம் உச்சியிலிருந்து காய்ந்து வந்தது. இலைகள் சிறுத்து, வெளிறி, பங்குனியில் துளிர்க்க வேண்டிய மரம் பாதி மொட்டையாக நின்றது. பட்டாசுக் கம்பெனி வாசலில் காய்ந்த மரத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பொறி போதும். ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுவது, கூடவே குழாயையும் பிடுங்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். மற்ற நாட்களில் கோடரியும் ரம்பமும் அந்தப் பக்கமே வர முடியாது. சேலையில் குத்தும் ஊக்கைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் தொழிலுக்கு இரும்பு அவ்வளவு ஆகாது.

அந்த ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக அத்தை மரத்தைக் குடைந்து பார்க்க ஒரு குறடும் உளியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விடுமுறை நாள் என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

அவள் முதலில் மரத்தைப் பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரமாகவே நடந்து, பாதி வழியில் நின்ற புங்கங்கன்றின் இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள்.

“இதுவும் அதே தண்ணியத்தான குடிக்கி? எம்புட்டுப் பச்சையா இருக்கு பாரு. தண்ணி இல்ல புள்ள, வேற என்னமோ.”

பிறகு வேம்பின் தண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாகத் தடவினாள். என் தோள் உயரத்தில் கை நின்றது. அந்த இடத்துக்கு மேலே தண்டு புடைத்திருந்தது. கீழே ஒடுங்கியிருந்தது. இறுக்கிக் கட்டிய அரைஞாண் கயிறு பதிந்த இடுப்பு மாதிரி நடுவில் ஒரு பள்ளம். உளியால் பட்டையை மெல்ல நெம்பினாள். உள்ளே துருப்பிடித்த கட்டுக்கம்பி.



அது நான் கட்டிய கம்பி. எட்டு வயதில், இதே போல் ஒரு ஞாயிறு, அப்பா உள்ளே ஷெட்டுகளைப் பார்த்து வரும்வரை வாசலில் தனியாக நின்றிருந்தேன். அக்காமாரின் சோற்றுப் பைகளில் எறும்பு ஏறுவதை முன்பே பார்த்திருந்தேன். கொத்தனார் போட்டுவிட்டுப் போன கம்பியை மரத்தைச் சுற்றி முறுக்கி, நாலைந்து கொக்கி வளைத்து மாட்டினேன். கையைக் கீறிவிடக் கூடாதே என்று முறுக்கின இடத்தில் என் சடை ரிப்பனை அவிழ்த்துச் சுற்றினேன். மறுநாள் பை மாட்டியவர்கள், எந்தப் புண்ணியவான் செய்ததோ என்று வாழ்த்தியதாக அத்தை வீட்டில் சொன்னாள். வாயைத் திறக்காமல் பூரித்துப் போனேன். வாசலில் எதையாவது தொட்டேன் என்று தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். பின்னால் பைகளுக்கு அறை வந்தது, கொக்கிகள் உதிர்ந்தன, கம்பியை நானே மறந்துபோனேன். மரம்தான் வருஷா வருஷம் பருத்து, அதை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

அத்தை குறடால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாள். முறுக்கில் ரிப்பன் துணுக்கு ஒட்டியிருந்தது. சிவப்பு வெளுத்து, ஜரிகைக் கரை மட்டும் மினுங்கியது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பையில் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அப்பா மரம் வெட்டுகிற ஆளோடு வந்து இறங்கினார்.

“அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி” என்றாள் அத்தை. “தண்ணிதான் கெடுத்திருக்கு. எம்மேலதான் தப்பு. வாய்க்கால அந்தப் பக்கம் குழி வெட்டித் திருப்பிவிட்டுர்றேன். காஞ்ச கொப்ப மட்டும் இன்னைக்கு வெட்டச் சொல்லுங்க. ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்க, துளுக்கலன்னா அடியோட சாய்ச்சிருங்க.”

அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? வந்த ஆளை வைத்துக்கொண்டே, “அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா நீ? எல்லாந் தெரிஞ்சவ மாதிரி பேசுவ” என்று ஆரம்பித்தவர் கால் மணி நேரம் ஓயவில்லை. பதிலுக்குப் பதில் கொடுக்கிற அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மரம் பிழைத்தது. ஐப்பசிக்குக் காத்திருக்கவில்லை, ஆடியிலேயே துளிர்த்துவிட்டது. குழாயும் தப்பியது. ஆனால் அதற்குப் பின் அத்தை எந்த யோசனை சொன்னாலும், “உன் வாய்க்கால் லட்சணம் பாத்தோம்ல” என்று அப்பா அடைத்துவிடுவார். வருஷக்கணக்கில் அந்த ஒரு சொல்லை அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு தடவைகூட எதிர்ப்பேச்சு பேசவில்லை.

புங்கங்கன்றைக் காட்டித் தண்ணீர் காரணம் இல்லை என்று சொன்னவளே ஏன் அப்பா முன்னால் மாற்றிப் பேசினாள் என்று அன்று எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவள்மேல் பரிதாபம்கூடப் பட்டேன். அத்தைக்கு நான் பட்ட கடனில் அந்தப் பரிதாபத்தை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

அந்த ஜரிகைக் கரை ரிப்பனை இருக்கன்குடித் திருவிழாவில் எனக்கு வாங்கித் தந்தவள் அவள். அதற்கு நாலு வருஷத்துக்கு முன், கம்பி கட்டிய ஞாயிறு மத்தியானம் அவிழ்ந்த சடையோடு நான் வீட்டுக்கு வந்தபோது, “ரிப்பன் எங்கடி?” என்று கேட்டவளும் அவள். தொலைந்துபோயிற்று என்று நான் சொன்னதை நம்பி, தெருமுனை வரை போய்த் தேடிவிட்டும் வந்தாள்.

கம்பியை வெட்டி எடுத்த மறுநாள் திங்கட்கிழமையும் வழக்கம்போல அவள்தான் எனக்குச் சடை பின்னினாள். அன்று ஏன் அவ்வளவு மெதுவாகப் பின்னினாள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிறது என்று அவளைக் கோபித்துக்கொண்டேன்.