யாரும் படிக்காத மூன்றாம் பக்கம்

அவரை அலுவலகத்தில் எல்லோரும் கட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தைக் கணினியில் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோர்ட் நோட்டீசுகளை அதில் அடைப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. நாற்காலியின் ஒரு கை உடைந்து போய்விட்டது, அவர் போகவில்லை.

ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வாடகை வீடு, வரன், பழைய வண்டி என்று களைகட்டும். இன்டர்நெட் வந்ததும் எல்லாம் போனுக்குள் போய்ச் சேர்ந்தது. வாசகர்களும் பின்னாலேயே போனார்கள். நிருபர்கள் போனார்கள், பிழை திருத்துகிற இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள். மிஞ்சியது கோர்ட் நோட்டீஸ் மட்டும்தான். ஆளை நேரில் பிடித்து சம்மன் கொடுக்க முடியவில்லையா, செய்தித்தாளில் போடு. போட்டுவிட்டால் அவன் படித்ததாகவே அர்த்தம். சட்டத்தின் அந்த ஒரு வரியில் பன்னிரண்டு குடும்பங்களின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அச்சடிப்பதே நானூறு பிரதி, அதிலும் பாதி வக்கீல் ஆபீசுகளுக்கு. எதிராளி கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிற வக்கீல்கள் இந்தப் பத்திரிகையைத்தான் தேடிக்கொண்டு வந்தார்கள். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் பிழைப்பு.

நோட்டீசுகள் படமாகவே வந்து இறங்கும். கட்டம் அவற்றைச் சுருக்கி, இழுத்து, இடத்தில் உட்காரவைப்பார். அகலமும் உயரமும் சரியாக இருந்தால் போதும். "படிச்சா பக்கம் முடியாதுப்பா" என்பார்.

அந்தப் பழக்கமே அவர் தலையில் கல்லைப் போட்டது.

அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் கட்டமும் மனைவியும் இருந்தார்கள். அதை விற்றாக வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். கட்டம் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை கோர்ட் ஊழியர் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டினார். வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கத் தீர்ப்பாகிவிட்டதாம். தம்பி கடைசி வரை கோர்ட்டுக்கு வரவில்லையாம்.

"எனக்கு நோட்டீசே வரலையே!" என்று தன் வக்கீலம்மாவிடம் போய்க் கத்தினார். அந்த அம்மா ஒரு பழைய இதழை மேஜையில் விரித்தார். கட்டம் எப்போதோ குடியிருந்த வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்து, ஆள் அங்கே இல்லை என்று காட்டி, செய்தித்தாளில் போட அண்ணன் அனுமதி வாங்கியிருந்தார். மூன்றாம் பக்கம், இடது கீழ் மூலை. எறும்பளவு எழுத்தில் கட்டத்தின் பெயர். அவரே அடைத்த கட்டம்.

"மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம்" என்றார் வக்கீலம்மா. "ஆனா இந்தப் பேப்பரை யாருமே படிக்கறதில்ல, செய்யற நானே படிக்கறதில்லன்னு கூண்டுல ஏறிச் சொல்லணும். சொல்வீங்களா?"

"இதுல என்ன யோசனை? உள்ளதைத்தானே சொல்லப் போறாரு" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

விசாரணைக்கு முதல் நாள் மாலை முதலாளி வந்தார். மிரட்டவில்லை. "நீ அப்படிச் சொன்னா கோர்ட் நம்ம பேப்பரை நோட்டீஸ் பட்டியல்லேர்ந்து தூக்கிடும், கட்டம். பன்னிரண்டு குடும்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பக்கத்தைச் செஞ்சவருக்கே தெரியாமலா போகும்?"

"தெரியலைங்க ஐயா. படிக்கல."

அண்ணனின் வக்கீல் எழுந்தார். "அப்போ உங்க பேப்பர்ல வர்ற நோட்டீசை யாருமே படிக்கறதில்லையா?"

கடைசி பெஞ்சில் முதலாளி இருந்தார். பக்கத்தில் நகக்கண்ணெல்லாம் மையோடு, பேப்பரை அச்சடிக்கிற மெஷின்காரர். அவர் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

"மத்தவங்க படிக்கறாங்க ஐயா."

மனு தள்ளுபடியானது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை மூட்டை கட்டும்போது மனைவி கேட்டாள்: "யாருங்க படிக்கறாங்க? ஒரு பேரு சொல்லுங்க பாப்போம்."

அவர் குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கினார். நல்ல மனிதர் என்பதா, ஏமாளி என்பதா? அவள் இடத்தில் யார் இருந்தாலும் வயிறு எரிந்திருக்கும்.

ஒண்டுக்குடித்தனத்துக்குப் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இனி நோட்டீசுகளைக் கோர்ட்டின் வலைத்தளத்திலேயே போட்டால் போதும் என்று உத்தரவு வந்தது. அடுத்த வாரம் முதலாளி ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டார். நாளை முதல் பத்திரிகை வெளிவராது, ஊழியர்கள் வரவேண்டாம் என்ற அறிவிப்பு அது. நேரில் சொல்ல அவருக்கு முகமில்லை.

கட்டம் அதை மூன்று முறை படித்தார், எழுத்து எழுத்தாக. மூன்றாம் பக்கத்தின் நடுவில் பெரிதாக வைத்தார். அச்சகம் ஊருக்கு வெளியே இருந்தது. மெஷின்காரருக்குப் போன் செய்யலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அச்சடிக்கிறவருக்கே தெரியாமலா போகும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் கடைசி இதழ் வெளிவந்த மறுநாள் தன் சாமான்களை எடுக்கப் போனபோது அலுவலக வாசலில் பெரிய பூட்டு. அதன் முன்னால், சம்பள நாளாயிற்றே என்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மெஷின்காரர் நின்றிருந்தார்.

"என்னண்ணே, பூட்டிக் கெடக்கு?"

"நேத்து நம்ம பேப்பர்லதான் போட்டிருந்ததே."

மெஷின்காரர் தூக்கைக் கீழே வைத்தார். "சத்தியமா நான் படிக்கலண்ணே" என்றார்.