பூனை நக்கிய மருந்து

சைகோனில் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் பூனை ஒரு மதியம் நொண்டிக்கொண்டே மாடியேறி வந்தது. தெருநாய் கடித்துப் பின்னங்காலில் சதை கிழிந்திருந்தது. நான் பிடித்துக்கொள்ள, சென்னையிலிருந்து கொண்டுவந்த கிருமிநாசினியைப் பஞ்சில் நனைத்து என் கணவர் காயத்தைத் துடைத்தார்.

விட்டதும் பூனை அந்த இடத்தை நக்கியது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளி, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏங்க, செத்துடும் போலிருக்கே!" என்று கத்தினேன்.

அவர் பென் தான் சந்தைக்குப் பக்கத்திலிருந்த மிருக வைத்தியருக்குப் போன் செய்தார். கேட்கக் கேட்க எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்த மருந்து பூனைக்கு விஷமாம். தண்ணி ஊத்தி நல்லாக் கழுவு. திரும்ப நக்க விடாம துண்டுல சுத்திக்கோ. உடனே வரச் சொல்றாங்க."

குழாயடியில் கழுவினேன். தண்ணீரைக் கண்டாலே பிறாண்டுகிற பூனை அன்று அசையாமல் கிடந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து, துண்டுக்குள் கைவிட்டு அதன் நெஞ்சு துடிக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

வைத்தியர் அதைக் காப்பாற்றிவிட்டார். பிறகு வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால்தான் காயத்தைக் கழுவினோம். சில நாள் கழித்து அது மீன் கேட்டுக் கத்தியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.