மடி கொடுக்காத மாமா: ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரை

எனக்கு எண்பது, தங்கை கமலாவுக்கு எழுபத்தைந்து. போன தை மாதம் இருவரும் ரயிலேறி அத்திப்பட்டுக்குப் போய் வந்தோம். "அங்கே பார்க்க என்ன இருக்கு பாட்டி, அனல்மின் நிலையச் சாம்பலா?" என்று பேரன் சிரித்தான். சிரிக்கட்டும். அம்மா என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போன ஒன்றைக் கமலாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. இனியும் தள்ளிப்போட எங்களுக்கு வயது இல்லை.

ராயபுரத்தில் காலை எட்டரை மணிக்கு வண்டி. ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட், முக்கால் மணி நேரப் பயணம். ஐம்பதுகளில் கரி எஞ்சின். ஜன்னலில் தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும். அம்மாவின் தம்பி மாணிக்கம் மாமா வேட்டி நுனியால் அதை எடுத்துவிடுவார். அவர் துறைமுகத்தில் குமாஸ்தா. சாயந்திரம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவார். ஞாயிற்றுக்கிழமை எங்களை எண்ணூருக்குக் கூட்டிப்போய் வேர்க்கடலை வாங்கிக் கொடுப்பார். அடடா, அந்தக் கடற்காற்று இன்னும் என் மூக்கில் இருக்கிறது!

திருவொற்றியூர் வந்ததும் கமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இங்கதான அந்த ஆளு என் மானத்த வாங்கினாரு."

அவளுக்கு ஐந்து வயதில் அங்கே கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு காத்திருக்க, மாமா மடி கொடுக்க மாட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டார். சீர் செய்யப் பயந்து நழுவுகிறான் என்று அப்பா கத்தினார். கடைசியில் அம்மாவே கமலாவை மடியில் வைத்துக்கொண்டார். கமலா அதை எழுபது வருடம் மறக்கவில்லை.

அத்திப்பட்டில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா பிற்பாடு இங்கேதான் உப்பளத்தில் கணக்கு எழுதினார், ஆண்கள் மட்டும் தங்கும் கொட்டகையில் இருந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன்.

காதுகுத்து அன்று மாமா அம்மாவைக் கோயில் குளத்தருகே தனியாக அழைத்துச் சொன்னது இது: "அக்கா, என் மனசு கலீஜா கீது. கொயந்தைங்கள பாத்தா வரக்கூடாத நெனப்பு வருது. இதுவரைக்கும் எதுவும் பண்ணல. பண்றதுக்கு முந்தி சொல்லிக்கினு கீறேன். பாப்பாவ என் மடில வெக்காத."

அம்மா கையை ஓங்கிவிட்டாராம். பிறகு அம்மாவே அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தெருவுக்கு "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிக்கொண்டார். டாக்டர் மூடி மறைக்கவில்லை: "இந்த நினைப்பை அடியோடு எடுக்க என்னிடம் மருந்து இல்லை. ஆனால் நினைப்பு வேறு, செய்கை வேறு. வாராவாரம் வந்து பேசட்டும். குழந்தைகளோடு தனியாக இருக்கவே கூடாது. விஷயம் தெரிந்த ஒருவர் கண்காணிக்க வேண்டும்." கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று தாத்தா பெண் பார்த்தார். பெண் கைக்குழந்தையோடு இருந்த விதவை. அம்மா சண்டை போட்டு நிறுத்தினார். கணக்கு வகுப்பையும் நிறுத்தினார். தம்பி சொன்னதை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு பிள்ளையிடமும் தலை வாரிக்கொண்டே விசாரித்தார். என்னிடமும் கேட்டது நினைவிருக்கிறது.

கமலா என் கையைப் பிடித்தாள். "என்னிய எதுனா பண்ணாராக்கா?"

"இல்லடி. உன்னையும் இல்ல, என்னையும் இல்ல, தெருவுல ஒரு புள்ளையையும் இல்ல."

"ஒரு வாட்டி இதே பிளாட்பாரத்துல அவராண்ட ஓடினேன். நான் கிட்ட போவப் போவ அவரு பின்னாடி நவுந்துக்கினே இருந்தாரு. என்னிய புடிக்கலன்னு நெனச்சேன்."

"உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான் நவுந்து போனாரு."

நிலக்கரி வண்டி ஒன்று கடந்து போனதும் கமலா, "சாவற வரைக்கும் ஒண்டியாவே கெடந்தாரா?" என்று கேட்டு அழுதாள். நானும் அழுதேன். மாமாவை மகான் ஆக்க நான் வரவில்லை. அவர் வாய் திறந்தார், அம்மா அதோடு விடாமல் காவல் இருந்தார். இரண்டும் சேர்ந்ததால் நாங்கள் தப்பினோம்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், நிழல் குறைவு, தண்ணீர் கையோடு இருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு வந்ததுபோல் நினைப்பு வந்து தவிப்பவர் யாராவது இதைப் படித்தால், எதுவும் நடப்பதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறார்கள், இன்று மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு. பிள்ளை ஏதாவது சொன்னால், சொந்தக்காரர் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை நம்புங்கள்.

திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்தோம். "யார பாக்க வந்தீங்கம்மா இந்த வெயில்ல?" என்று கடைக்காரர் கேட்டார். காலையிலிருந்து "அந்த ஆளு" என்றே சொல்லிக்கொண்டு வந்த கமலா, என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"எங்க மாமாவ."