சோறு மட்டும் வேண்டாங்க மாப்ளைங்க

என் மாமனார் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் இருந்தன. கண்புரை எடுத்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்திருந்தோம். சனிக்கிழமை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அலைவதைவிடத் திருப்பூரில் மகள் வீட்டிலேயே தங்கட்டும் என்று மாமியார் போனில் சொல்லிவிட்டார். மாடு கன்றுகளை விட்டு அவரால் வர முடியாது. அந்த ரொட்டி எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவன், எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அவள் கொங்கு விவசாயக் குடும்பத்துப் பெண். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாமனார் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், 'இனி அந்த ஊட்டுல நான் கை நனைக்க மாட்டன்' என்று சொல்லிவிட்டார். கோபமெல்லாம் ஒரு வருடத்தில் தணிந்துபோனது. மகளோடு வாராவாரம் போனில் பேசுவார், பஸ்ஸில் தேங்காய் கொடுத்து அனுப்புவார். என்னிடம் பேசும்போது ஒரு வார்த்தைக்கு இரண்டு 'ங்க' போடுவார். சொன்ன சொல் மட்டும் அப்படியே நின்றது.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டு, அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்து, நெய் ஊற்றித் தட்டை வைத்தாள்.

"வேண்டாஞ் சாமி, வவுறு ரொம்பிக் கெடக்குது" என்றார் மாமனார். பிறகு காபி வாங்கி, கொண்டுவந்த ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிட்டார்.

நான் கொஞ்சம் கோபக்காரன். சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் போய், "நம்ம வீட்டுக் காப்பி எறங்குது, சோறு மட்டும் தொண்டையில நிக்குமோ?" என்றேன்.

"பொண்ணு பாக்கப் போற எடத்துல காப்பி, பலகாரம் சாப்புட்டுட்டு, சோறு திங்காம எந்திரிச்சு வருவாங்கல்லங்க? அது மாதிரிதான்" என்றாள். "எங்கப்பா இந்த ஊட்டுல ஒக்காந்து ஒரு நேரம் சோறு திங்கோணும். எனக்கு அது போதும்."

மறுநாள் அவள் வேலைக்குப் போயாக வேண்டும். அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தையல் விலகிய பனியனைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. அதே கண்ணோடுதான் என்னையும் பார்ப்பாள். எனக்கு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட். காலையில் வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பகல் முழுக்க நான்தான் வீட்டில். சமையலும் நான்தான். கல்யாணத்துக்கு முன் பேச்சிலர் ரூமில் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுப் பழகிய கை. எங்கள் இருவரில் நன்றாகச் சமைப்பது யார் என்ற கேள்வியை வீட்டில் யாரும் எழுப்புவதில்லை.

பலகாரம் ஆகும் என்றால் பலகாரத்திலேயே ஆளை மடக்குவது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை, பேக்கரியிலிருந்து ஈஸ்ட் வாங்கி வந்து பன் சுட்டேன். மாமனார் அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, கட்டிலின் சட்டத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது.

"அருமையா இருக்குதுங்க மாப்ளைங்க. கெட்டியானது கடிக்கப்படாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. அதனாலதான் பாக்கறனுங்க."

இவ்வளவு மரியாதையாக மறுக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? எங்கள் ஊரில் ஒருவர் வேண்டாம் என்றால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சுகமும் இல்லை.

புதன்கிழமை கேக். கிறிஸ்துமஸுக்கு என் அம்மா செய்கிற முறைதான்: பிரஷர் குக்கரில் மணலைப் பரப்பி, வெயிட்டையும் ரப்பரையும் எடுத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி மூட வேண்டும். நான் மணலைக் கொட்டுகிற சத்தம் கேட்டு மாமனார் சுவரைப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ளைங்க, உங்க பக்கம் மணலும் திம்பீங்களா?"

"கேக்கு பிடிக்கலன்னா அதையே தாரேன் மாமா" என்றேன்.

வாசனை கிளம்பியதும் அவர் மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். தட்டில் வைத்துக் கொடுத்ததும், கறுப்புக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக் கேக்கை உற்றுப் பார்த்தார்.

"இதுல சோறு கீறு ஒண்ணும் இல்லீங்கல்ல?"

"மைதா, முட்டை, சர்க்கரை மாமா. வேற ஒண்ணும் கெடையாது."

ஒரு துண்டு போனது. இன்னொரு துண்டு போனது. மூன்றாவதைக் கேட்க வெட்கப்பட்டு, மகளுக்கு எடுத்து வைத்தாயிற்றா என்று விசாரித்தார். நான் மூன்றாவதை வைத்தேன்.

வியாழக்கிழமை பணியாரம் ஊற்றினேன். அன்றுதான் பெரிய வழக்கு வந்தது. பணியார மாவு அரிசி மாவுதானே? அரிசி என்றால் சோறுதானே? நான் வேண்டுமென்றே இதைக் கிளப்பினேன். மாமனார் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பழகியவர். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"ஆட்டிப்போட்டா அது பலகாரமுங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை இட்லி உள்ளே நுழைந்துவிட்டது. முதலில் சர்க்கரை தொட்டுக்கொண்டு. பிறகு, சட்னியைக் கரண்டியால் எடுத்துவிட்டால் தப்பில்லை என்று சட்னியும். மத்தியானம் உப்புமா. ஆளுக்கொரு கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்து, அவல் எந்தக் கட்சி, புட்டு எந்தக் கட்சி என்று பேசிப் பேசிச் சிரித்தோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவருக்கும் என்னைப் பிடித்துப்போனது என்றே நினைக்கிறேன். தோட்டத்துக் கிணற்றைப் பற்றியும், வாங்கி ஏமாந்த ஒரு மாட்டைப் பற்றியும் பேச்சு வாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவள் வந்ததும் அன்றைய வெற்றியை அறிவிப்பேன். "இன்னைக்கு உங்கப்பா இட்லி தின்னுட்டாரு, பாத்தியா?" அவள் முதல் இரண்டு நாள் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை டாக்டர் பார்த்துக் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியான பஸ்ஸுக்கு மாமனார் ஊருக்குக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் எங்கள் இருவருக்கும் சோறும் குழம்பும், அவருக்குச் சேமியாவும் செய்தேன். அவள் வேலையிலிருந்து வந்தபோது நாங்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"நல்லா வெளையாடறீங்க ரெண்டு பேரும்" என்றாள். "சோறு திங்காமயே வாரம் பூராச் சௌரியமா இருக்கறதுக்கு நீங்களே வழி பண்ணிக் குடுத்துட்டீங்க. பசிச்சிருந்தாலாச்சும் ஒரு நாளைக்குக் கேட்டிருப்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. வாரம் முழுக்க நான் என்னவோ கோட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"எங்கப்பா சோறு திங்காத ஊட்டுல எனக்கும் சோறு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, போட்ட தட்டை நகர்த்தி வைத்தாள்.

ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட லைன் வீடு. மெல்லச் சொன்னாலும் கட்டிலில் இருக்கிறவருக்குக் கேட்கும். கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். எனக்கும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மிச்சமிருந்த சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதிக்கும். அன்றைக்கும் கொதித்தது. எங்கள் அடுப்பு மட்டும் பற்றவில்லை. அவள் டீ கூடக் குடிக்காமல், வாரத்துத் துணி முழுவதையும் எடுத்துப்போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கடைக்குப் போகவா, அடுப்பைப் பற்றவைக்கவா என்று தெரியாமல் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"மாப்ளைங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "புள்ள ஒண்ணுந் திங்கலீங்களா?"

"இல்ல மாமா. ராத்திரியும் சாப்பிடல."

அவர் பையைக் கீழே வைத்தார். சமையலறை வாசலுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கண்ணு, எனக்குச் சோறு போடு."

அவள் சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்னவெல்லாமோ பேச ஆரம்பித்தாள்: "இருங்கப்பா, இப்பவே அரிசி களைஞ்சு போட்டர்றேன். இவரு போய்க் கோழி வாங்கியாரட்டும். அரை மணி நேரத்துல ஆக்கிப்போடுவேன்."

"இருக்கறதப் போடு."

"ஒண்ணுமே இல்லீங்கப்பா. நேத்து ராத்திரிச் சோறு, தண்ணி ஊத்தி வெச்சது."

"அதைப் போடு."

"ஐயோ, மொதோ மொதோ எங்க ஊட்டுல திங்கறீங்க, பழைய சோத்தையா போடறது? அரை மணி நேரம் பொறுங்கப்பா."

"அரை மணி நேரங்கழிச்சு எம்பட மனசு மாறிப்போச்சுன்னா என்ன சாமி பண்ணுவ?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டியிலிருந்து சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்தாள். நான் மோரை எடுத்துக் கொடுத்தேன், சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். ராத்திரி அவள் தள்ளி வைத்த அவளுடைய பங்குச் சோறும் அதில்தான் இருந்தது.

"நீயும் ஒக்காரு" என்றார் மாமனார். அவள் எதிரே உட்கார்ந்தாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் சட்டியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர் கரண்டியைத் தேடவில்லை. சோற்றில் கையை வைத்து நன்றாகப் பிசைந்து, ஒரு வாய் அள்ளிப் போட்டார்.

"உப்புப் பத்துதுங்களாப்பா?" என்று கேட்டாள்.

வாய் நிறையச் சோறு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.