பொன்னாடைக்கும் சீனாவுக்கும் நடுவில்

ரியூக்யூ என்றொரு தீவு ராச்சியம் இருந்தது. யப்பான் அதை விழுங்கத் தொடங்கியபோது, அந்நாட்டுப் பிரபு ஒருவர் சீனர்களைப் போலத் தலையைச் சிரைத்து, வியாபாரி வேடத்தில் கடல் கடந்தார். சீனத்துப் பெரிய அதிகாரி ஒருவர் முன்னால் விழுந்து, எங்கள் நாட்டைக் காப்பாற்றுங்கள் என்று அழுதார். இதை நான் வாசித்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் அண்ணையின் காணிக்காக எங்கள் தொகுதி எம்.பி.யைச் சந்திக்க வேண்டியிருந்தது. வாசித்த எதையும் ஒரு கிழமையாவது வயிற்றுக்குள் வைத்திருக்க எனக்கு ஏலாது. இது மனைவியின் கண்டுபிடிப்பு.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மோர்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி இருப்பவர். ஊரில் அவருடைய வீடு பல வருடங்களாக இராணுவ முகாமுக்குள் கிடக்கிறது. சாகமுன் அந்த வீட்டில் ஓர் இரவு படுத்தெழும்ப வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான். எனக்கு ஆங்கிலம் வரும் என்று நம்பி, என்னைப் பேச்சாளராக்கியிருந்தார்.

எம்.பி. தொகுதி மக்களைச் சந்திக்கும் நூலகத்தில் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். உள்ளே போனதும் அண்ணை பொன்னாடையை எடுத்தார். பெரிய மனிதரிடம் வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. போர்த்தினோம். படம் எடுத்தோம். படத்தில் அண்ணை கண்ணை மூடியிருந்ததால் கழற்றி மறுபடி போர்த்தினோம். நாலு நிமிடம் போயிற்று.

பிறகு நான் தொடங்கினேன். காணியில் அல்ல, வரும் வழியில் அண்ணைக்கும் சொல்லியிருந்த ரியூக்யூவில். முகவுரை இல்லாமல் பேசினால் மரியாதைக் குறைவு என்று எங்கள் மேடைகளில் பழகிய வாய். எம்.பி. ஆர்வமாகக் கேட்டார், பிரபு தலை சிரைத்த இடத்தில் குறிப்புக்கூட எடுத்தார். அந்த உற்சாகத்தில் சீனத்துக்குள் நுழைந்த நான் திரும்பி வருவதற்குள், உதவியாளர் அம்மா கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்.

"காணிக் கதை எப்ப சொன்னனீர்?"

"அதுக்குத்தான் வந்துகொண்டிருந்தனான், அண்ணை."

"எங்கயிருந்து? சீனாவிலயிருந்தோ?"

அண்ணை அதோடு விடவில்லை.

"அந்த மனிசன்ர நாடு பிறகு என்ன ஆச்சு?"

"போச்சுது. பிடிச்சிட்டாங்கள்."

"விழுந்து கும்பிட்டுமோ?"

"ஓம், அண்ணை."

அண்ணை பையிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, உதவியாளர் அம்மாவின் மேசைக்கு நேரே போனார்.

"மை ஹவுஸ். ஆர்மி இன்சைட். ஐ ஓல்ட்."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். அண்ணை விரல்களை மடக்கி யோசித்தார். உதவி செய்வோமென்று நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை மறித்துவிட்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.