செயினை இறுக்கிய எனக்கு மனைவி வைத்த சோதனை

2004 வசந்தத்தில், ஒஸ்லோவில் பனி கரைந்ததும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். செயின் தொய்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் செயினை விறைப்பாக இறுக்கி ஓடிய பழக்கத்தில் இதையும் அப்படியே இறுக்கினேன். பின்சில்லு நேராக நிற்கிறதா என்று காட்டும் இரு பக்கக் கோடுகளும் ஒரே அளவில் நின்றன. பெருமையோடு மனைவியைப் பக்கத்து நகரமான திராமனுக்குப் போகக் கூப்பிட்டேன்.

ஹெல்மெட்டோடு வந்தவள் ஏறவில்லை. "முதல்ல நீங்கள் ஏறி இருங்கோ, நான் பாக்கிறன்" என்றாள். நான் ஏறி இருந்ததும் குனிந்து செயினைத் தொட்டாள். அது அசையவே இல்லை.

"உங்கட பாரத்துக்கே இப்பிடி விறைக்குதெண்டா, நானும் ஏறினா அறாதோ?"

ஆள் ஏறினால் செயின் இன்னும் இறுகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளோ முன்பு வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் கொண்டுபோகும் பெல்ட்டோடு வேலை செய்தவள். "வெறும் பெல்ட் நல்லாத்தான் ஓடும். மீன் ஏறினாத்தான் பிழை தெரியும்" என்றாள்.

பெருஞ்சாலையில் அது அறுந்திருந்தால்! அவளுடைய அந்த யோசனையை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

இப்போதெல்லாம் செயினில் கொஞ்சம் தொய்வு விட்டு, ஏறியிருந்து பார்த்த பிறகே பின்சில்லின் நட்டைக் கடைசியாக முறுக்குகிறேன். தொட்டுப் பார்ப்பது அவள்தான். அவள் "ஓம்" சொல்லும்வரை நான் இறங்குவதில்லை. அதுவரை நான்தான் மீன்.