துப்பாக்கிக் கட்டைக்குள் தேங்காய் எண்ணெய்

காமயகவுண்டன்பட்டி சின்னக்கருப்பை ஊரில் கோபக்காரன் என்பார்கள். பஸ்ஸில் ஐந்து பைசா சில்லறை கொடுக்காத கண்டக்டரிடம் சண்டை, ரேஷனில் எடை குறைந்தால் சண்டை. அவன் இரண்டாம் நிலைக் காவலராக இருந்து வேலை போனவன். ஏன் போனது என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வான். அதை நான் சொல்கிறேன்.

எழுபத்தாறாம் வருஷம். ஆயுதப்படை முகாம் ஒன்றில் நாற்பது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி. வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சாமான்தான், ஆனால் நல்ல சாமான். தோளில் முட்டுக் கொடுக்கிற மரக்கட்டையின் அடியில் பித்தளைத் தகடு இருக்கும். அதில் சின்ன மூடி. கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே ஒரு பொந்து. குழலைத் துடைக்க ஒரு கயிறு, துணித்துண்டு, விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பி, எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். எங்கே போனாலும் துப்பாக்கி தன் வைத்தியத்தைத் தானே சுமந்துகொண்டு போகும்.

குப்பி இருந்தது. ஊற்றத்தான் எண்ணெய் இல்லை. ஸ்டோர் பொறுப்பு ஏட்டு பொன்னுராஜிடம். அவருடைய மச்சான் உத்தமபாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். முகாமுக்கு வரும் எண்ணெய் டின் நேராக எங்கே போகிறது என்பது சமையல்காரன் வரைக்கும் தெரியும். போய்க் கேட்டால், "மேல கேட்டு இண்டெண்ட் போட்ருக்கு, வரும். அதுக்குள்ள துருப் பிடிச்சுச்சுன்னா மெமோ குடுத்துருவேன், பாத்துக்க" என்பார். திருடுகிறவருக்கு மிரட்டலும் கைவந்த கலை.

சின்னக்கருப்புக்கு ஊரில் பதினெட்டுத் தென்னை. லீவு முடிந்து வரும்போது செக்கில் ஆட்டிய எண்ணெயை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தான். தன் குப்பியில் ஊற்றினான். பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான், அவனுக்கும் ஊற்றினான். அப்புறம் முகாம் முழுக்க அவன் வீட்டு எண்ணெய்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மேலதிகாரி பரேடுக்கு வந்தால் "கட்டையைத் திற" என்பார். குப்பி இருக்கிறதா, பித்தளை மின்னுகிறதா என்று பார்ப்பார். உள்ளே இருப்பது என்ன எண்ணெய் என்று ஒருத்தரும் மோந்து பார்த்ததில்லை.

அந்த மார்கழியில் மேகமலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தகராறு. காவலுக்குச் சின்னக்கருப்பையும் ராஜமணியையும் அனுப்பினார்கள். ராஜமணி போடிக்காரன். கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்முன் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் சட்டை மாட்டுவான். மற்றவர்கள் ஒரு சொட்டு விட்டால் இவன் நாலு சொட்டு விடுவான்.

மூன்றாம் நாள் காலை, பனி விலகவில்லை. சின்னக்கருப்பு ஓடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினான். கூடாரத்துக்கு முன்னால் ராஜமணி நிற்கிறான். அவனுக்கு எதிரே தேயிலைக்குள்ளிருந்து ஒற்றை யானை. ராஜமணி பதறவில்லை. துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுத்து மறுபடி அழுத்தினான். மறுபடியும் டிக். மூன்றாவது தடவைக்கு யானை விடவில்லை.

யானை போனபிறகு சின்னக்கருப்பு கத்திக்கொண்டே ஓடினான். ராஜமணியிடம் உயிர் இல்லை. துப்பாக்கியை எடுத்துக் கட்டையைத் திறந்து குப்பியைக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற எந்தப் பொம்பிளைக்கும் தெரியும். நாற்பது ஆம்பிளைகள் அதை யோசிக்கவில்லை. விசைக்குப் பின்னால் ஓடவேண்டிய ஊசி அந்த வெண்ணெயில் சிக்கிக் கிடந்திருக்கிறது. ராஜமணி சோம்பேறியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அக்கறையாக நாலு சொட்டு விட்டவன் செத்துப்போனான்.

இரண்டு மாதம் கழித்து ராஜமணியின் மனைவி சாராள் ஒரு காகிதத்தோடு சின்னக்கருப்பின் குடியிருப்புக்கு வந்தாள். காவலர் தன் துப்பாக்கிக்கு முறையாக எண்ணெயிடத் தவறியதே மரணத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. அதனால் அவளுக்கு வேலை தர வழியில்லையாம். குடியிருப்பையும் காலி செய்யவேண்டுமாம்.

"அண்ணே, நெசமாவே அவுக எண்ணெ போடலையா? நீங்க கூட இருந்தீகள்ல, சொல்லுங்க."

"போட்டான் தாயி. அவனை மாதிரி யாரும் போட்டதில்ல."

"அப்ப ஏன் இப்படி எழுதுறாக?"

சின்னக்கருப்பு தரையைப் பார்த்தான். "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றான்.

சாராள் மனு மேல் மனு போட்டதில் மறுவிசாரணைக்கு டி.எஸ்.பி. வந்தார். பொன்னுராஜ் முந்திக்கொண்டார். முந்தின வாரமே நாற்பது குப்பியையும் மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் ஊற்றிவைத்துவிட்டார். எண்ணெய் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று டி.எஸ்.பி. வரிசையாகக் கேட்டார். முப்பத்தெட்டுப் பேரும் "குடுத்தாக ஐயா" என்றார்கள். ராஜமணியோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பயல்கள்!

சின்னக்கருப்பு வரிசையை விட்டு வெளியே வந்தான். பக்கத்தில் நின்றவனின் துப்பாக்கியைப் பிடுங்கிக் கட்டையைத் திறந்து குப்பியை எடுத்தான். மூடியைத் திருகி, அதன் உட்பக்கம் இருந்த சின்னத் தோல் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து டி.எஸ்.பி.யிடம் நீட்டினான்.

"குப்பியைக் கழுவிட்டாக ஐயா. இதைக் கழுவ மறந்துட்டாக. மோந்து பாருங்க."

டி.எஸ்.பி. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மாதக்கணக்கில் தோலில் ஊறிக் காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை. நாலைந்து குப்பிகளைத் திறக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் அதே வாடை.

பொன்னுராஜ் சளைக்கவில்லை. "ஐயா, அந்த எண்ணெயக் கொண்டாந்து எல்லாருக்கும் ஊத்துனதே இவந்தான். கேட்டுப் பாருங்க."

"ஆமா, நாந்தான் ஊத்துனேன்!" சின்னக்கருப்பின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "எங்க மரத்துக் காயி. எம் பேரை எழுதுங்க ஐயா. என்ன வேணாலும் எழுதுங்க. சர்க்கார் எண்ணெ எந்தச் சைக்கிள் கடைக்குப் போச்சுன்னும் சேத்து எழுதுங்க. ராஜமணி எண்ணெ போடலைன்னு இருக்கே, அந்த வரியை மட்டும் அடிங்க. ஏலே, நீங்கள்லாம் சோத்துலதான் உப்புப் போட்டுத் திங்கிறீகளா? செத்தவன் மேல பழி போடுறாக, ஒருத்தன் வாயத் தொறந்தீகளா?"

டி.எஸ்.பி. பேனாவை எடுத்தார்.

வரியை அடித்தார்கள். அனுமதியில்லாத எண்ணெயை உபயோகித்ததாகச் சின்னக்கருப்பை வேலையை விட்டு நீக்கினார்கள். பொன்னுராஜுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதுவும் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே. சைக்கிள் கடையைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

சின்னக்கருப்பு ஊருக்கு வந்து திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போனான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த முப்பத்தெட்டுப் பேரையும் திட்டினான். மறுவருஷம் தையில் சாராள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்திருந்தது. உத்தரவையும், திருத்திய காகிதத்தையும் வாசலில் நின்றபடியே காட்டினாள். சின்னக்கருப்பின் மனைவி சுருளியம்மாள் செம்பில் தண்ணீர் நீட்டினாள். சாராள் வாங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரக மேல தப்பில்லைன்னு எழுதிட்டாக அண்ணே. அதுக்கு உங்க வேலையே போயிருச்சு. அதை நான் மறக்க மாட்டேன்."

"விடு தாயி."

"ஆனா ஒண்ணு கேக்கணும். எண்ணெ ஊத்துனது நீங்கதான்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும். நான் வீடு தேடி வந்து கேட்டேன்ல? மொதல்ல எங்கிட்டச் சொல்லிருக்க வேண்டாமா? ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்பத்தான் நானும் சேந்து தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சே."

சின்னக்கருப்பு வாயைத் திறந்தான். முப்பத்தெட்டுப் பேரை ஒரு வருஷமாகத் திட்டிய வாய் அது. ஒரு சொல்கூட வரவில்லை. சாராள் காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்றோடு அவன் அந்த முப்பத்தெட்டுப் பேரைத் திட்டுவதை நிறுத்திவிட்டான்.